சளிக்கு ஒரு சொல்

விமானம் வர இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் அவர் மனைவி ஸ்பானிஷ் வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஃபியெப்ரே?”

“காய்ச்சல்.”

“கான்ஸ்திபாதோ?”

“மலச்சிக்கல்.”

“சளிங்க! சளி பிடிச்ச புள்ளைக்குப் பேதி மருந்து குடுத்துடுவீங்க போல.”

மாதம் ஒருமுறை வரும் மெடிக்கல் ரெப் சிரித்தான். “என்ன சார், இந்த வயசுல பாஷை? வெளிநாட்டுல கடை போடறீங்களா?”

“நாலு வயசுப் பேரன் இங்க வர்றான். தமிழ் தெரியாது. எங்க வலிக்குதுன்னு சொன்னா புரியணுமே! மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுட்டு உடனே திரும்பிடுவார்.”

“இதுக்கா மெனக்கெடறீங்க? அவங்கம்மா கூட இருந்து சொல்லப் போறாங்க.”

மனைவி உள்ளறைக்குப் போய்விட்டாள்.

“பொண்ணு போன மாசம் தவறிட்டா தம்பி.”