ஓடிப்போனவள்

“இந்தப் போட்டோல ஓரமா நிக்கிற புள்ள யாருன்னு மட்டும் சொல்லு தாயி. எனக்கு அது போதும்.”

பொன்னாத்தாள் பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். வந்தவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ராக்கையா. சில வருடங்களுக்கு முன் கம்பெனி குடோன் தீப்பிடித்தபோது செத்துப்போன முனீஸ்வரியின் அப்பா. ‘முகத்தைத் திறக்காதீங்க’ என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு வண்டி ஏறியவர். அந்தக் கம்பெனி ஹாஸ்டலுக்கு அப்போது அவள்தான் வார்டன்.

கேஸ் கீஸ் போட வந்திருக்கிறாரோ?

“ஏனுங்க, இத்தன வருசங்கழிச்சு அதெல்லாம் எதுக்குங்க?”

“சொல்லு தாயி.”

படத்தை வாங்கிப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு எடுத்தது. நாலு பெண்கள். நடுவில் முனீஸ்வரி, வாயெல்லாம் சிரிப்பாக.

“இது உங்க மக. இதுக ரெண்டும் ஒட்டன்சத்திரத்துப் புள்ளைங்க.”

“அவுகளத் தெரியும். இது?”

“தெரியலீங்க.”

“சேந்து ஒரு வாரந்தானாம். எல்லாரும் பாப்பான்னே கூப்பிட்டிருக்காக. பேரும் ஊரும் வார்டனுக்குத்தான் தெரியுமாம்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை.

“சுபஸ்ரீங்க. தாராபுரத்துக்குப் பக்கம். அதை ஏனுங்க கேக்கறீங்க? தீப்பிடிச்ச அன்னைக்கே எவங்கூடவோ ஓடிப்போயிருச்சு. அந்தக் களேபரத்துல ஆளக் காணோம்னே மறுநாள்தான் தெரிஞ்சுது. அவங்க அய்யன் மகளே இல்லைன்னு தலை முழுகிட்டாரு. ஆத்தாளுக்குத்தான் மனசு கேக்கல. வருசா வருசம் இங்க வந்து, ‘எம்புள்ள ஏதாச்சும் போன் பண்ணுச்சுங்களா’ன்னு கேட்டுட்டு நிக்கும். ‘எங்கியோ நல்லாத்தான் இருப்பா, போங்கக்கா’ன்னு சொல்லி அனுப்பிருவேன்.”

ராக்கையா படத்தை வாங்கி அந்த முகத்தையே பார்த்தபடி நின்றார்.

“ஊரு பேரச் சரியாச் சொல்லு. நான் போகணும்.”

“அங்க போயி என்னங்க பண்ணப் போறீங்க? உங்க மக செத்ததுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்களே!”

“எம்மக சாகல தாயி” என்றார் ராக்கையா. “நைட் ஷிப்டுக்குத் தனக்குப் பதிலா இந்தப் புள்ளயப் போகச் சொல்லிட்டு, ஒருத்தங்கூட ஓடிப்போனவ அவதான். போன வாரம் கைப்புள்ளயோட வந்து வாசல்ல நிக்கிறா. நான் கொள்ளி வச்சது யாருக்குன்னு அந்த ஆத்தாகிட்டப் போயிச் சொல்லணும்.”