மூன்றாம் பங்களாவின் ஆயா

குழந்தையைக் காணவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் மறுபடியும் பார்த்தான்.

இடது கை வளைந்தபடியே இருந்தது. இடுப்பு ஒரு பக்கமாக ஒசிந்தபடியே இருந்தது. குனிந்த முகம், கைக்குள் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் வரை அங்கே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இருந்தது. நீலக் கண். குஞ்சம் வைத்த தொப்பி.

"புள்ள பொம்மையோட காலை ஒடச்சுப்புட்டாய்ங்கப்பா, காலேஜ் பயலுக," என்றார் காவலாளி இருதயராஜ். "ரிப்பேருக்குக் கீழ போயிருக்கு. நீ பயப்படாத. உம் பொண்டாட்டிக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. தொப்பியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

மலைமேல் பாழடைந்து கிடந்த துரைமார் வீடுகளைச் சீர்செய்து பூங்காவாக்கியபோது, அவனும் செங்கம்மாவும் இங்கேதான் வேலை பார்த்தார்கள். அவன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினான். அவள் சாந்து சுமந்தாள். அறைகளில் நிறுத்த பைபர் பொம்மைகள் செய்ய வந்த சிற்பி, சட்டியோடு படியேறியவளை நிறுத்தினார்.

மூன்றாம் பங்களாவில் வைக்கப்போகும் ஆயா பொம்மைக்கு மாதிரியாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பிள்ளையை இடுக்கியிருப்பதுபோலக் கையை வைக்கச் சொன்னார். அவள் குடத்தை இடுக்குவதுபோல வைத்தாள். சிற்பி திருத்தினார். அவள் மறுபடி குடத்தையே வைத்தாள்.

அவர்கள் தெருவில் யாரும் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்ததில்லை.

பிள்ளை பெறாதவள்.

காதுகுத்துக்குக் கூப்பிடுவார்கள். இலை போட்டுச் சாப்பிடச் சொல்வார்கள். பிள்ளை மட்டும், அவள் போகிற நேரமெல்லாம், உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பூங்கா திறந்த அன்று அவனோடு வந்து இதே கயிற்றருகே நின்றாள். எல்லோரும் அவள் முகத்தையும் பொம்மையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை; பொம்மையின் இடுப்பில் இருந்த பிள்ளையையே பார்த்தாள்.

"நல்ல கனம் இருப்பான்ல?" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அவளைக் கொண்டுபோய்விட்டது.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை மலையேறுகிறான். வீட்டில் அவள் படம் ஒன்று இருக்கிறது. அதில் அவள் சிரிக்கவில்லை.

இன்று இந்த வெறுங்கை.

பார்க்க முடியவில்லை. பார்க்காமல் போகவும் முடியவில்லை.

வெளியே பேச்சுச் சத்தம். இளம்பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பை, கையில் போன். அறையைச் சுற்றிப் பார்த்தாள். துரையின் நாற்காலி, துரைசாணியின் பியானோ, ஆயா.

ஆயாவின் வளைந்த கையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஐ, உனக்குன்னே வெச்சிருக்காங்க பாரேன், குட்டி!"

கயிற்றைத் தாண்டினாள்.

"ஏம்மா! ஏம்மா! தொடக் கூடாதும்மா!" இருதயராஜ் பாய்ந்தார்.

அவன் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"இருக்கட்டும்ணே."

குரல் அவனுடையதுபோல் இல்லை. இருதயராஜ் அவனைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"வெரசா போட்டோ எடுத்துட்டு வாங்கம்மா. மேனேஜர் வந்தா என் சட்டையக் கழட்டிருவாரு."

அந்த இளம்பெண் தன் பிள்ளையைத் தூக்கினாள். யோசிக்கவில்லை. உள்ளறை எதையும் தேடவில்லை. செங்கம்மாவின் இடுப்பில் உட்கார வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, போனை அவனிடம் நீட்டினாள்.

"அண்ணா, ஒரே ஒரு போட்டோ. இந்த வட்டத்தை அமுக்குனாப் போதும்."

குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

குனிந்த முகம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

குழந்தை ஆயாவின் கன்னத்தில் அறைந்தது. ஙா என்றது. எச்சில் வழிந்து தோளில் விழுந்தது.

அவன் ஓர் அடி முன்னால் போனான். இன்னும் ஓர் அடி. கயிறு தொடையில் இடிக்கும்வரை போனான்.

அமுக்கினான்.

போனைத் திருப்பித் தரத் தாமதமானது. அவள் கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள்.

படத்தில் ஆயா இருந்தாள். பிள்ளை இருந்தது. ஓரத்தில், பிள்ளையின் முதுகில், வளையல் போட்ட கை ஒன்று.

"அய்யோ, நான் எங்கண்ணா இதுல?"

சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையை வாங்கப் போனாள்.

"வா தங்கம். அப்பா வெயிட் பண்றாரு."

வரவில்லை.

இழுத்தாள். பொம்மைக்குக் கட்டிவிட்டிருந்த சேலையின் முந்தானை சேர்ந்து வந்தது. சின்னக் கை அதைக் கொத்தாகப் பிடித்திருந்தது. இன்னும் இழுத்தாள். பிள்ளை உதடு பிதுக்கி, செங்கம்மாவின் கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பாருங்களேன், என்கிட்டகூட இப்படி ஒட்ட மாட்டான்." இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பினாள். "அண்ணா, அந்தப் பிடியை மட்டும் கொஞ்சம் எடுத்து விடுங்களேன்."

அவன் இருதயராஜைப் பார்த்தான். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைத் தாண்டினான். இத்தனை நாளில் தாண்டியதில்லை.

அருகில் பெயின்ட் வாசனை. பால் வாசனை. பிள்ளையின் கை சூடாக இருந்தது.

செங்கம்மாவின் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கினான்.