பதினாலு லட்சத்தில் ஒரு கிரைண்டர்

“மாமா, பதினாலு லட்சத்த பேங்குல போட்டா அது பாட்டுக்கு தூங்கிக்கினு கெடக்கும். நெலத்துல போட்டாதான் வளரும்” என்றான் மாப்பிள்ளை புருஷோத்தமன்.

பென்னலூரில் அந்த வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாநாடு கூடிவிட்டது. மாநாடு என்றால் மூன்று பேர்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் நாகப்பன், எதிரே மகன் பிரசன்னா, கட்டிலில் மாப்பிள்ளை. நாகப்பன் தோளில், ரிட்டயர்மென்ட் அன்றைக்குக் கம்பெனியில் போட்ட பொன்னாடை. சரிகை கழுத்தில் உறுத்தினாலும் இரண்டு வாரமாக அவர் அதை இறக்கவில்லை. டீக்கடைக்குக்கூட அதோடுதான் போய்வருகிறார்.

ரத்னா மூன்றாவது தடவையாக டீ கொண்டுவந்தாள். நின்று நின்று நரம்பு சுருட்டிக்கொண்ட கால்கள் கொஞ்சம் உட்காரேன் என்று கெஞ்சின. ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இந்த வீட்டில் இனி கிடையாது. ஆனாலும் அவளுக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இருபத்தாறு வருஷப் பழக்கம், லேசில் போகுமா?

“பணம் அக்கவுண்ட்ல ஏறிடுச்சாப்பா?” என்றான் பிரசன்னா.

“இந்த வாரத்துல ஏறிடுமாம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேத்து.”

“வாலாஜாபாத் தாண்டி ஒரு லேஅவுட் போட்டுக்கினு கீறாங்க மாமா. மனை எட்டு லட்சம். அஞ்சே வருசத்துல டபுளு.”

“அப்ரூவல் கீதா மாப்ள?”

“வந்துடும் மாமா.”

“அப்ப சரி” என்று நாகப்பன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

பிரசன்னாவுக்குப் பொறுக்கவில்லை. “அப்ப எனக்கு? நாலரை கட்டுனா வேன் கைக்கு வந்துடும். ஒரகடம் கம்பெனிக்கு ஸ்டாஃப் டிரிப் அடிச்சா, ட்யூ போக மாசம் இருபதாயிரம் நிக்கும்.”

“எட்த்துக்கடா. மீதி ஒண்ணரை எங்கிட்ட இருக்கட்டும். நரசிம்மன் பைனான்ஸ்ல மூணு வட்டி தரேன்றான்.”

டம்ளரை எடுக்கக் குனிந்த ரத்னா மெல்லக் கேட்டாள். “எல்லாத்தியும் குட்த்துட்டா, நாளைக்கு நமக்கு ஒடம்பு முடியாம படுத்தா இன்னா பண்றது?”

“நீ சும்மா இரு. கணக்கு வழக்கு உனக்கு இன்னா தெரியும்?” என்றார் நாகப்பன், அவள் பக்கம் திரும்பாமலே.

மாப்பிள்ளைக்கு இளகிய மனசு. “அத்தைய மறந்துட்டமே மாமா. அவங்களுக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுத்துடலாம். டேபிள் டாப்.”

மூன்று பேருக்கும் தங்கள் தாராள குணத்தை நினைத்து உள்ளூர ஒரு சந்தோஷம். காலண்டர் தாளின் பின்புறத்தில் பங்கு எழுதிக்கொண்டிருந்த பிரசன்னா, கடைசி வரியாக ‘அம்மா – கிரைண்டர்’ என்று சேர்த்துக்கொண்டான்.

ரத்னா அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். தெருக்கோடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரி இசக்கிசெல்வியின் ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்கும் இதே மாதிரி செட்டில்மென்ட் பணம் வந்தது. மகன் செல்போன் கடை வைத்தான், கடை எட்டு மாதம் நடந்தது. ஐம்பத்தொன்பது வயதில் அவள் இப்போது தண்டலத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் முந்நூறு பேருக்குச் சப்பாத்தி தேய்க்கிறாள்.

“யக்கா, பணம் வந்த கையோட எங்கயாவது பூட்டிப் போட்டுருங்க” என்று போன மாதம்தான் சொன்னாள். “வீட்ல இருந்தா ஆளாளுக்கு ஒரு தேவை மொளைச்சிரும். யாரைக் குத்தஞ் சொல்ல? எல்லாம் நம்ம புள்ளைய தான.”

ரத்னாவுக்கும் பிள்ளைகள்மேல் கோபம் இல்லை. அலுப்புதான். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

“ரத்னா, அந்த பேங்க் புக்க எட்த்தா” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “நாளைக்கு மனைக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுக்கணும்.”

அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்த பிரசன்னாவின் முகம் மாறியது.

“இன்னாம்மா இது? போஸ்ட் ஆபீஸ் புக்கு. பதினாலு லட்சமும் இதுல கீது.”

“புதங்கிழமையே பணம் ஏறிடுச்சு. மறுநாளே போய் போட்டுட்டேன். மூத்த குடிமக்கள் திட்டம், அஞ்சு வருசம். மூணு மாசத்துக்கு ஒருதபா வட்டி வரும், மாசத்துக்கு ஒம்பதாயிரத்து சொச்சம் ஆவுது. நானும் உங்கப்பாவும் கஞ்சி குடிச்சுக்குவோம், மாத்திர வாங்கிக்குவோம். உங்க யாரு வூட்டு வாசல்லயும் வந்து நிக்க மாட்டோம்.”

மாப்பிள்ளை கட்டிலிலிருந்து எழுந்தே விட்டான். நாகப்பன் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார்.

“யாரக் கேட்டுடி போட்ட?”

ரத்னா காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து அவரிடம் வந்தாள். அவர் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி, உதறி, நாலாக மடித்தாள்.

“இது அழுக்காயிடுச்சு, தொவைக்கணும். இருவத்தாறு வருசம் ஷிப்ட் போய் லைன்ல நின்னதுக்கு கம்பெனியில எனக்கு போட்டது.”