தோற்றால் நில்

கார்காலம் கனிந்திருந்தது. தவம் கலையாத முனிவரைப்போல் மேகங்கள் வானில் அமர்ந்திருந்தன. மண் மூச்சடக்கிக் காத்திருந்தது. அந்தப் புனித வேளையில், மூன்றாம் மாடியில் மேலாளர் திருவாய் மலர்ந்தார்.

“ஏம்மா அழுமூஞ்சி, நீ எழுதற ஸ்கிரிப்ட் எல்லாம் ஏன் பாதியிலேயே நின்னு ஒப்பாரி வைக்குது? விடிஞ்சா எனக்கு ஒரு மெயில்: ‘கட்டளை தோற்றது, நின்றுவிட்டேன்’!”

‘அழுமூஞ்சி’ என்பது, கணினிக்கான கட்டளை வரிசைகளை, அதாவது ஸ்கிரிப்டுகளை, எழுதும் அவளுக்கு அலுவலகம் சூட்டிய பட்டம்.

“ஒரு வேலை தோத்தா அடுத்த வேலைக்குப் போகக்கூடாது சார். அதான் ‘தோற்றால் நில்’னு ஒரு வரி வெச்சிருக்கேன்.”

“அதை எடுன்னு மூணு தடவை சொல்லியாச்சு. உன்னை வேலையைவிட்டு அனுப்பற கடிதத்தைக் காலையிலேயே டைப் பண்ணிட்டேன், கையெழுத்துதான் பாக்கி. இப்ப பாரு, அந்த வரி இல்லாம என் கம்ப்யூட்டர்லயே ஓட்டிக் காட்டறேன்.”

அவள் பதறினாள். “வேணாம் சார்! இது முதல்ல ‘பழையவை’ங்கிற ஃபோல்டருக்குள்ள போகும். அப்புறம், நிக்கிற இடத்துல இருக்கிறதையெல்லாம் அழிக்கும். உங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டரே இல்ல. உள்ள போக முடியலைன்னா...”

“வாசல்லயே நின்னு அழிக்கட்டும்! என்ன குடி முழுகிடும்?”

வரி பறந்தது. ஸ்கிரிப்ட் ஓடியது. திரையில் ‘வெற்றி’ என்று மின்னியது.

“பாத்தியா? ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல!”

வெற்றிக் களிப்போடு, கடிதத்தை அச்சிடத் தம் கோப்புகளைத் திறந்தார். ஏழாண்டு உழைப்பு இருந்த இடத்தில் பொட்டல் வெளி. ஸ்கிரிப்ட் நின்ற ‘வாசல்’ அதுதான்.

“அம்மா... தாயே...”

“நகல் இருக்கு சார். டிஸ்க் நிறைஞ்சுபோச்சுன்னு முந்தாநாள் நின்னு அழுததே, அது நகலெடுக்கிற ஸ்கிரிப்ட்தான். உடனே வேற டிஸ்க் மாத்தினேன். நேத்து ராத்திரி வரைக்கும் உள்ளது வந்துடும்.”

அரைமணியில் கோப்புகள் மீண்டன. மேலாளருக்கு உயிரும் மீண்டது.

“எல்லாம் வந்துடுச்சாம்மா?”

“ஒண்ணே ஒண்ணு வரல சார். இன்னிக்குக் காலையில டைப் பண்ணீங்களே, அது. மறுபடியும் டைப் பண்றீங்களா?”

நீக்கிய வரியை மேலாளர் தம் கையாலேயே மீண்டும் தட்டினார். கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அழுமூஞ்சியாவே நூறு வருஷம் நல்லா இரும்மா!”