சுத்தமாக எழுதிய குற்றம்

யார் வேண்டுமானாலும் நிரல் எழுதி அனுப்பலாம் என்று திறந்துவைத்த இலவச மென்பொருள் அது. அதில் தன் பெயரும் ஒரு மூலையில் வரவேண்டும் என்று மரகதவல்லிக்கு ஆசை. மாதக்கணக்கில் இழைத்து இழைத்து எழுதி அனுப்பினாள். பொறுப்பாளர் நாச்சியப்பன் ஊரே பார்க்கிற பக்கத்தில் பதில் போட்டார்: "இவ்வளவு சுத்தமா மனுஷங்க எழுத மாட்டாங்கம்மா. மெஷின் எழுதினதை நாங்க வாங்குறதில்ல."

"சத்தியமா நான்தான் சார் எழுதினேன்."

"மெஷினும் இதையேதான் சொல்லும்" என்றான் வேடிக்கை பார்க்க வந்த ஒருவன். சிரிப்புக்கா பஞ்சம்!

மரகதவல்லி தன் நிரலில் ஒழுங்காக ஓடிய இரண்டு இடங்களைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்து, மறுபடி அனுப்பினாள். உடனே சேர்த்துக்கொண்டார்கள். "இதுதாம்மா மனுஷ வேலை!" என்று நெகிழ்ந்த நாச்சியப்பன், ஒரு பிழையைத் தானே திருத்தி, அவள் பெயருக்கு மேலே தன் பெயரையும் போட்டுக்கொண்டார். இன்னொன்று அவர் கண்ணில் படவில்லை. மரகதவல்லியும் வாயைத் திறக்கவில்லை.