கழிவுச் சான்றிதழ்

செய்யாத திருட்டுக்காக ஆறு வருடம் சிறையில் இருந்த அருளானந்தை நிரபராதி என்று நீதிமன்றம் விடுவித்தது. இழப்பீடாகக் கிடைத்தது ஒரு சான்றிதழ்தான். இனி அவர் எந்தக் குற்றம் செய்தாலும், தண்டனையில் ஆறு வருடத்தைக் கழித்துக்கொள்வார்களாம்.

சிறைக்கு ஒருமுறைகூட வந்து பார்க்காத மைத்துனன் ராயப்பன், மறுநாளே ஆப்பிளோடு வந்தான்.

"அத்தான், காலையில கார்ல ஒருத்தனை இடிச்சிட்டேன். செத்துட்டான். நீங்க ஓட்டினதா சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் ஒருநாள்கூட ஜெயில் கிடையாதே!"

அருளானந்து நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"செத்தவன் பேரு என்ன?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ மூட்டை தூக்குறவன்."

அருளானந்து ஆப்பிள் பையைத் தெருவில் வீசினார். ராயப்பனின் மணிக்கட்டை இறுகப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

"வா, ஸ்டேஷனுக்கு. அவன் பேரைக் கேட்டுக்கிட்டு, கொன்னது நீதான்னு எழுதிக் கொடு."