மனு தள்ளுபடி

கட்டை அவிழ்த்ததும் கிளம்பிய நாற்றத்தில் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவரின் இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண், அதன் அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முதுகெலும்பைப் புற்றுநோய் அரித்துவிட்டது. மாத்திரை, ஊசி எதற்கும் வலி மசியாத கட்டம்.

ஆனால் நாற்றத்தைவிட அவளுக்கு அதிகம் குமட்டியது, கதவருகே நின்ற மகளைப் பார்த்துத்தான். பெற்ற தகப்பனை மருந்து கொடுத்து அனுப்பிவிட அனுமதி கேட்டுக் கோர்ட் ஏறியவள். நர்ஸ் வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் தெருவே இந்தச் சேதியை அவள் காதில் போட்டுவிட்டது. இன்றைக்குத் தீர்ப்பு. காகிதக் கட்டோடு வந்து நிற்கிறாள்.

"என்னாச்சு?" என்றார் பெரியவர்.

"தள்ளுபடிப்பா."

நல்லா வேணும் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டே நர்ஸ் பஞ்சை நனைத்துப் புண்ணில் வைத்தாள். பெரியவர் துடித்துப்போனார். சத்தம்கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது.

மகள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னாலதாம்ப்பா. இன்னும் நல்ல வக்கீலா பாத்திருக்கணும்."

"நீ என்ன பண்ணுவே? நான் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினதாலதானே போனே." மூச்சு வாங்கிக்கொண்டு நர்ஸின் பக்கம் திரும்பினார். "மூணு மாசம் மாட்டவே மாட்டேன்னு நின்னாம்மா. அழுதுகிட்டேதான் கையெழுத்துப் போட்டா."

நர்ஸுக்குப் பத்து நாளாக மனசுக்குள் இவளைக் கரித்துக் கொட்டியதற்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"என்ன காரணம் சொல்லியிருக்காங்க?" என்று மகளிடம் கேட்டார் பெரியவர்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு கேஸாம். ஒரு லாரி டிரைவர், இதே நோய். அவர் சம்சாரம் மனு போட்டிருக்காங்க. அதுல சொன்னதுதான் இதுக்கும்னுட்டாங்க. அந்தத் தீர்ப்போட நகலும் குடுத்திருக்காங்க."

"அதைப் படி. கதையை விட்டுட்டுக் காரணத்தை மட்டும் படி."

"வேணாம்ப்பா, எதுக்கு."

"படின்னா."

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "'வலி என்பது மனித வாழ்வின் ஒரு பகுதி. அதைத் தாங்கும் மனத்திடத்தைக் கணவனுக்கு ஊட்ட வேண்டியவர் மனைவி. மனுதாரரோ கணவனைச் சுமையாகக் கருதி, இறக்கி வைக்க வழி தேடுகிறார்.'"

"தூ" என்றார் பெரியவர். துப்பத் தெம்பில்லாமல் எச்சில் மோவாயில் வழிந்தது. நர்ஸ் துடைத்துவிட்டாள்.

"பீ மூத்திரம் அள்ளினவளைப் போய் என்ன வார்த்தை சொல்லியிருக்கான் பாரு. இந்த நாத்தத்துல அரை மணி நேரம் உக்காருவானா அவன்?"

மகள் காகிதத்தை மடிக்கப் போனாள்.

"இரு. அடுத்த வரி நானே சொல்றேன். 'அனுதாபம் வேறு, சட்டம் வேறு. கண்ணீரில் நனைந்தால் சட்டப் புத்தகம் கிழிந்துவிடும்.' அதானே?"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்து பிசகாமல் அப்படியேதான் இருந்தது. அலமாரி நிறையச் சட்டப் புத்தகம் வைத்திருக்கிற மனுஷர், ஊகித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

"காலையில இப்படிப் பத்து எழுதுவானுங்க. மத்தியானம் சாப்பிட்டு வந்தா எதுல என்ன எழுதினோம்னே ஞாபகம் இருக்காது." அவருக்கு இருமல் வந்தது. இருமலில் புண் அதிர்ந்து கண்ணில் நீர் முட்டியது. "அந்த டிரைவர் எப்படிச் செத்தானோ. எத்தனை மாசம் கிடந்தானோ."

"பதினாலு மாசம்ப்பா" என்றாள் மகள். "விசாரிச்சேன்."

நர்ஸ் புதுக் கட்டைப் போட்டு முடித்தாள். அப்படி எழுதிய ஆள் கையில் கிடைத்தால் அவளே நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

"யாரு அந்தப் பாவி? அடியில ஜட்ஜ் பேரு இருக்குமே, படி" என்றார் பெரியவர்.

மகள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லேம்மா."

"நீங்கதாம்ப்பா."